குரல் ஏறிய அலைகள் – 14: திரை கிரிட் வழியே வந்த பேச்சு

சென்ற அத்தியாயத்தை ஒரு டிரான்ஸ்பார்மரில் நிறுத்தியிருந்தேன். ரேமண்ட் ஹைசிங் முதல் உலகப் போர்க் காலத்தில் வகுத்த பிளேட் பண்பேற்றம், அதாவது வால்வின் பிளேட் வழியே பேச்சை அலையில் ஏற்றும் முறை, ஹாம்கள் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்களின் வீட்டுக்குள் வந்தபோது, அதோடு கூடவே ஒரு பெரிய இரும்புக் கட்டியும் வந்து மேசையில் உட்கார்ந்துகொண்டது என்று சொன்னேன். மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் என்பது அதன் பெயர். இரும்புத் தகடுகளை அடுக்கி, தாமிரக் கம்பி சுற்றி, தாரில் முக்கி எடுத்தது.

அந்த இரும்பு ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கணக்கு எளிது, ஆனால் இரக்கமில்லாதது. ஒலிபரப்பியின் கடைசி வால்வுக்கு 100 வாட் மின்சக்தி ஊட்டினால், அந்த அலையில் பேச்சை முழு அளவுக்கு ஏற்ற இன்னொரு 50 வாட் ஒலிச்சக்தி வேண்டும். 500 வாட் ஊட்டினால் 250 வாட். அமெரிக்க ஹாம்களுக்கு அன்று சட்டம் வகுத்திருந்த உச்சவரம்பு 1,000 வாட் உள்ளீடு. அந்த வரம்பைத் தொட நினைத்தவர் முதலில் 500 வாட் ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டியாக வேண்டும். ஒரு மனிதர் தன் அறையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் தொனியில் பேசுவதற்கு, பொதுக்கூட்ட மைதானத்தையே நிரப்பக்கூடிய சக்தி.

மோர்ஸுக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. ஒரு சாவியைத் தட்டி அலையை விட்டுவிட்டு அனுப்பினால் போதும். மோர்ஸின் தாளத்தை நேசித்து அதிலேயே வாழ்ந்தவர்கள் பலர் உண்டு. அவர்களைப் பற்றி ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதினேன். ஆனால் பேச ஆசையிருந்தும் இரும்பு வாங்கக் காசில்லாமல் மோர்ஸோடு நின்றுபோன கூட்டமும் ஒன்று இருந்தது. பள்ளி மாணவர்கள், கடைச் சிப்பந்திகள், 1930களின் பெருமந்தத்தில் வேலை போனவர்கள். இந்த அத்தியாயம் அவர்களுக்கானது. அவர்களைப் பேச வைத்தது வால்வுக்குள் இருந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று. அதன் பெயர் திரை கிரிட்.

அந்தச் சுருளைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் பேச்சைப் பற்றி நினைத்துப் பார்க்கவில்லை. ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷாட்கி முதல் உலகப் போரின் நடுவிலேயே வால்வுக்குள் இரண்டாவது கிரிட் ஒன்றை வைத்துப் பார்த்தார். பிறகு அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஹல் அதை முறையாக ஆராய்ந்து 1926ல் வெளியிட்டார். மறு ஆண்டே இங்கிலாந்தில் மார்க்கோனி நிறுவனத்தின் ஹென்றி ரவுண்ட் வடிவமைத்த எஸ்625 விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் ஆர்சிஏ நிறுவனம் தன் 222 வால்வை இறக்கியது. ஹல்லும் ரவுண்டும் விரட்டிக்கொண்டிருந்தது ஒரே பேயைத்தான்.

மூன்று முனை வால்வில் கட்டுப்பாட்டு கிரிட்டும் பிளேட்டும் எதிரெதிரே நிற்கும். எதிரெதிரே இரண்டு உலோகம் நின்றால் அங்கே ஒரு மின்தேக்கி தானாகவே உருவாகிவிடும். மிகச் சிறியதுதான், ஆனால் அதிர்வெண் ஏற ஏற அதன் வழியே பிளேட்டிலிருந்து கிரிட்டுக்குச் சக்தி திரும்பி ஒழுகும். ஒழுகிய சக்தி மறுபடி பெருகும். பெருக்கியாக வைத்த வால்வு தானே ஊளையிடத் தொடங்கும். இதை அடக்க, எதிர்த்திசையில் அதே அளவு சக்தியைச் செலுத்திச் சமன் செய்யும் உபாயம் ஒன்று 1920களில் வந்தது. வால்வு மாற்றினாலும், அலைவரிசை மாற்றினாலும் மறுபடி சமன் செய்ய வேண்டும்.

ஹல்லும் ரவுண்டும் செய்தது கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஒரு தட்டி கட்டியது. முற்றத்துக்கும் தெருவுக்கும் நடுவே கட்டும் மூங்கில் தட்டியைப் போல. காற்று புகுந்து போகும், தெருவில் போகிறவர் கண்ணுக்கு முற்றம் தெரியாது. எலெக்ட்ரான்கள் திரை கிரிட்டின் இடைவெளிகளில் புகுந்து பிளேட்டுக்குப் போய்விடும். ஆனால் பிளேட்டின் மின்னழுத்தம் ஏறி இறங்குவது கட்டுப்பாட்டு கிரிட்டுக்குத் தெரியாது. ஊளை நின்றது.

தட்டி கட்டினால் மறைப்பு இரு பக்கமும்தான். கேத்தோடிலிருந்து புறப்படும் எலெக்ட்ரானுக்கும் பிளேட் தெரியாது. அதை முன்னே இழுப்பது திரை கிரிட்டின் நேர்மின்னழுத்தம். இழுபட்டு வந்த வேகத்தில் பெரும்பாலானவை தட்டியின் கண்களைத் தாண்டி பிளேட்டில் போய் விழும். ஆகவே இந்த நான்கு முனை வால்வில் பிளேட் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கினாலும் மின்னோட்டம் பெரிதாக அசையாது. திரையை ஏற்றினால் ஏறும், திரையை இறக்கினால் இறங்கும். வால்வின் கடிவாளம் பிளேட்டிடமிருந்து திரைக்குக் கைமாறிவிட்டது.

ஹாம்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1920களின் கடைசியில் ஒலிபரப்புக்கென்றே 860, 865 என்ற திரை கிரிட் வால்வுகள் வந்தன. பழைய பழக்கத்தில் அவற்றின் பிளேட்டில் மட்டும் பேச்சை ஏற்றிப் பார்த்தால் குரல் சரியாக ஏறவில்லை. பிளேட்டோடு சேர்த்துத் திரையிலும் பேச்சைக் கொடுத்தால்தான் ஏறியது. அங்கிருந்து அடுத்த கேள்விக்கு ஓரடிதான் தூரம். மின்னோட்டத்தை ஆள்வது திரைதான் என்றால், பிளேட்டை ஏன் தொட வேண்டும்? திரையில் மட்டும் பேசினால் என்ன?

பேசலாம். திரை கிரிட் எடுக்கும் மின்சக்தி சில வாட்தான். அதை ஆட்ட, வீட்டு ரேடியோவில் ஒலிபெருக்கியை ஓட்டும் 6வி6 வால்வு ஒன்றே போதும். சுண்டுவிரல் தடிமனுக்கு அடுக்கிய தகடுகளோடு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர், சிலர் கட்டிய சுற்றில் அதுவும் இல்லை. இரும்பு போய்விட்டது.

இரும்பு போனால் அதன் இடத்தில் வேறு ஏதாவது ஒரு விலையைக் கொடுக்கத்தானே வேண்டும்? அந்த விலை என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த முறையைக் குறை சொன்னவர்களும் கொண்டாடியவர்களும் அந்த ஒரு கணக்கை வைத்துத்தான் முப்பது ஆண்டுகள் வாதாடினார்கள்.

மோர்ஸில் 100 வாட் ஊட்டினால் ஏரியலுக்கு 70 வாட் தரும் ஒரு வால்வை எடுத்துக்கொள்வோம். மீதி 30 வாட் பிளேட்டில் வெப்பமாகப் போகும். திரையில் பேசும்போது இந்த 70 வாட்தான் அதன் உச்சம்; குரல் உரக்க ஒலிக்கும் கணத்தில் அலை அந்த உயரத்தைத் தொட வேண்டும், அதற்கு மேல் போக வழியில்லை. முழுப் பண்பேற்றத்தில் அலையின் உச்ச வீச்சு, பேச்சில்லாத நேரத்து வீச்சைப்போல் இரண்டு மடங்கு. வீச்சு இரண்டு மடங்கு என்றால் சக்தி நான்கு மடங்கு. எனவே பேசாமல் இருக்கும்போது, பேச்சைச் சுமக்கும் ஊர்தி அலை 70ல் நான்கில் ஒரு பங்கு, சுமார் 17 வாட்தான் இருக்கலாம். அதற்காகத் திரையின் மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைப்பார்கள். மின்னோட்டமும் பாதியாகும், உள்ளே போவது 50 வாட், வெளியே வருவது 17 வாட். திறன் 35 சதவீதம். அதே வால்வைப் பிளேட் முறையில் பேச வைத்தால் ஊர்தி அலை 70 வாட்.

70 எங்கே, 17 எங்கே! கைநூல்களில் இந்தக் கணக்கை அட்டவணையாகப் பார்த்த எவருக்கும் மனம் கசக்கும். அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் 1926 முதல் வெளியிட்டு வந்த கைநூல் ஹாம்களுக்கு வேதம்போல. அங்கே திரைப் பேச்சு போன்ற முறைகளுக்குத் திறன் பண்பேற்றம் என்று பெயர். வால்வின் திறனையே ஏற்றி இறக்கிப் பேச வைப்பதால் வந்த பெயர். கட்டுப்பாட்டு கிரிட்டில் பேச்சை ஏற்றுவதும் அதே குடும்பம்தான், ஆனால் அது கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாள்வதுபோல: முன் கட்டத்திலிருந்து வரும் ஊட்டம் சற்று அசைந்தாலும் குரல் கெட்டுவிடும். 1930களின் நடுவில் ஐந்து முனை ஒலிபரப்பு வால்வுகள் வந்தபின் மூன்றாவது கிரிட்டில் பேசியவர்களும் உண்டு. அந்த வால்வுகள் விலை அதிகம். ஏழைக்கு எட்டியது திரைதான்.

ஆனால் அந்த அட்டவணையை ஒலிபரப்புகிறவரின் மேசையில் நின்று படிக்கக் கூடாது என்பது என் கருத்து. கேட்கிறவரின் மேசைக்குப் போய்ப் படிக்க வேண்டும். சக்தி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் அது 6 டெசிபல். சைகையின் பலத்தைக் காட்டும் ரேடியோவின் எஸ்-மீட்டரில் வழக்கமாக ஒரு எஸ்-கோடு என்பது 6 டெசிபல். ஒன்பதில் நிற்க வேண்டிய முள் எட்டில் நிற்கும், அவ்வளவுதான். நள்ளிரவில் தூரத்து நிலையம் ஒன்றைப் பிடிக்கப் போராடுகிறவருக்கு அந்த ஒரு கோடு பெரிய விஷயம். பக்கத்து மாநிலத்து நண்பரோடு மாலையில் பேசுகிறவருக்கு அது ஒன்றுமே இல்லை. முழுச் செலவையும் செய்யாமல் ஒரு கோடு குறைவாகக் கேட்கப்படலாம், அல்லது செலவுக்குக் காசு சேரும்வரை பேசாமலே இருக்கலாம். இந்த இரண்டில் முதலாவதைத் தேர்ந்தார்கள் என்று அந்தப் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1936ல் ஆர்சிஏ 6எல்6 என்ற வால்வை வெளியிட்டது. எலெக்ட்ரான்களைக் கற்றைகளாகக் குவித்து அனுப்பும் அமைப்பு. திரையும் கட்டுப்பாட்டு கிரிட்டும் ஒன்றன் நிழலில் ஒன்று நிற்கும்படி கம்பிகளை வரிசைப்படுத்தியிருந்ததால் திரையில் வீணாகும் மின்னோட்டம் மிகக் குறைந்தது. அதன் அடியொற்றி, பிளேட் இணைப்பைத் தலையில் ஒரு தொப்பியாக வைத்து வந்ததுதான் 807. நம் ஊர்க் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் வால்வு மைக் செட் பாடிய காலத்தை நினைவு வைத்திருப்பவர்கள் 6எல்6, 807 என்ற எண்களை மறந்திருக்க மாட்டார்கள். ஹாம்களுக்கு 807 என்பது வால்வு மட்டுமல்ல, ஒரு தலைமுறை. 600 வோல்ட் பிளேட்டில், 300 வோல்ட்டுக்குள் திரை, துளி ஊட்டம் கொடுத்தாலே முழுச் சக்தி. திரை எடுப்பது சில மில்லி ஆம்பியர். அதைப் பேச வைக்க ஒரு குட்டி வால்வு போதும் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது.

பிறகு போர் வந்தது. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அமெரிக்க ஹாம்களின் குரல் அடைக்கப்பட்டது. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் படையின் தகவல் தொடர்புப் பிரிவுகளுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் கையில் கிடைத்தது, அவர்களுடைய சொந்த ஏழைத் தந்திரத்தையே இராணுவ அங்கீகாரத்தோடு செய்திருந்த ஒரு கருவி.

நியூ ஜெர்சியின் பூன்டனில் இருந்த ஏர்கிராஃப்ட் ரேடியோ கார்ப்பரேஷன் போர் விமானங்களுக்கென வடிவமைத்த கமாண்ட் செட் அது. இராணுவத்தின் பெயரிடலில் எஸ்சிஆர்-274-என். செருப்புப் பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அலுமினியப் பெட்டிகள் வரிசையாக ஒரு சட்டத்தில் செருகப்பட்டிருக்கும். ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு பெட்டி. 4 முதல் 5.3 மெகாசைக்கிள் வரை ஒன்று, அங்கிருந்து 7 வரை ஒன்று, 7 முதல் 9.1 வரை ஒன்று. ஒவ்வொன்றிலும் கடைசிக் கட்டத்தில் இணையாக இரண்டு 1625 வால்வுகள். 1625 என்பது வேறொன்றுமில்லை. 12.6 வோல்ட் இழையும் ஏழு கால் அடிப்பாகமும் கொண்ட 807தான்.

அதைப் பேச வைத்த பெட்டியின் பெயர் பிசி-456. அதற்குள் பண்பேற்ற வேலைக்கு இருந்தது ஒரே ஒரு 1625. அது பேச்சைக் கொண்டுபோய் இரண்டு கடைசி வால்வுகளின் திரையில் ஏற்றியது. விமானத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் கணக்கு உண்டு. மோர்ஸில் கிடைக்கும் சக்தியைவிடப் பேச்சில் கிடைப்பது மிகக் குறைவுதான். ஆனால் பக்கத்தில் பறக்கும் விமானத்தோடு பேசுவதற்கு அது தாராளம். அதே குடும்பத்தைச் சேர்ந்த கடற்படைக் கருவியான ஏஆர்சி-5ன் எம்டி-7 என்ற பெட்டி பிளேட்டையும் திரையையும் சேர்த்து ஆட்டியது. அதற்கு இரண்டு 1625 வால்வுகளும் கனத்த டிரான்ஸ்பார்மரும் வேண்டியிருந்தன. ஒரே ஒலிபரப்பி, இரண்டு வழி. நான் இந்த அத்தியாயத்தில் சொல்ல வந்த விவாதம் முழுவதும் அந்த இரண்டு பெட்டிகளுக்குள் அருகருகே இருக்கிறது.

1945 நவம்பரில் ஹாம்களுக்கு அலைவரிசைகள் திரும்பத் தொடங்கின. போர் முடிந்த கையோடு இந்த அலுமினியப் பெட்டிகள் மலைபோல் குவிந்து, பிரிக்காத அட்டைப் பெட்டியோடே சில டாலருக்கு விற்கப்பட்டன. 7 மெகாசைக்கிளில் தொடங்கும் பிசி-459, ஹாம்களின் 40 மீட்டர் அலைவரிசையை மாற்றம் எதுவுமில்லாமலே பிடித்தது. 1625 வால்வுகள் காசுக்கு நாலு என்கிற கதையாகக் கிடைத்தன. அந்த ஆண்டுகளின் ஹாம் பத்திரிகைகள், 1915 முதல் வந்துகொண்டிருந்த க்யூஎஸ்டியும் 1945ல் புதிதாகத் தொடங்கிய சிக்யூவும், இந்தப் பெட்டிகளை வீட்டுக் கருவியாக மாற்றும் வழிமுறைகளால் நிரம்பின. வால்வு மலிவு, கண்டென்சர் மலிவு, பெட்டியே மலிவு. மலிவாகாதது நல்ல மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான். திரை கிரிட் பண்பேற்றத்தின் பொற்காலம் இப்படித்தான் வந்தது.

அந்தக் காலத்துக் கைவேலைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். நான்கு முனை வால்வுக்கு ஒரு பலவீனம் உண்டு. முன் கட்டத்திலிருந்து வரும் ஊட்டம் நின்றுபோனால், அந்த ஊட்டத்தால் கட்டுப்பாட்டு கிரிட்டில் உண்டாகும் எதிர்மின்னழுத்தமும் போய்விடும். தடுப்பார் இல்லாமல் மின்னோட்டம் பாயும், பிளேட் செவ்வரளி நிறத்தில் கனலும், சில நொடிகளில் வால்வு செத்துப்போகும். மோர்ஸ் சாவியை முன் கட்டத்தில் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறை கையை எடுக்கும்போதும் இந்த ஆபத்து.

அதற்குக் காவலாக ஒரு சிறு வால்வை வைத்தார்கள். பெரும்பாலும் 6ஒய்6. அதன் கிரிட்டைப் பெரிய வால்வின் கிரிட்டோடு கட்டிவிடுவார்கள். ஊட்டம் இருக்கும்வரை அதே எதிர்மின்னழுத்தத்தில் காவல் வால்வு உறங்கும். ஊட்டம் நின்ற கணமே விழித்துக்கொண்டு, ஒரு மின்தடை வழியாக வந்துகொண்டிருக்கும் திரை மின்சாரத்தைத் தன் பக்கம் இழுத்து, திரையின் மின்னழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும். பெரிய வால்வு தப்பும். இடுக்கிபோல் பிடித்து நிறுத்துவதால் அதற்கு கிளாம்ப் வால்வு என்று பெயர்.

போருக்குப் பின் யாரோ சிலர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்து யோசித்திருக்கிறார்கள். திரையைக் கீழே இழுக்கும் ஒரு வால்வு ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதன் கிரிட்டில் மைக்கின் ஒலியைக் கொடுத்தால்? குரலுக்கேற்ப அது திரையை இழுக்கும், விடும், இழுக்கும், விடும். அவ்வளவுதான், ஒலிபரப்பி பேசிவிட்டது! காவலுக்கு வைத்தவனே பாட்டுக்காரனும் ஆனான். இதில் டிரான்ஸ்பார்மர் என்ற பேச்சே இல்லை. மைக்குக்கு ஒரு முன்பெருக்கி, சில மின்தடைகள், ஒரு மாற்றுச் சாவி. மோர்ஸில் காவல், பேச்சில் பண்பேற்றம். சிக்கனத்தின் அழகு என்று நான் நினைப்பது இதைத்தான்.

ஆனாலும் திரைப் பேச்சுக்குக் கெட்ட பெயர் ஏன் வந்தது? ஒலி கரகரப்பு, பக்கத்து நிலையங்களின் மேல் சிதறல், அமுங்கிய குரல் என்று 1950களில் புகார்கள் இருந்தன. புகார்கள் பொய்யல்ல. திரையின் மின்னழுத்தம் சுழிக்கு இறங்கினாலும் பிளேட் மின்னோட்டம் முழுதாக நிற்காது. இன்னும் கொஞ்சம் எதிர்மின்பக்கம் போக வேண்டும். அந்த அடிப்பகுதியில் வளைவு நேர்கோடாக இருப்பதில்லை. திரை எடுக்கும் மின்னோட்டமும் குரலோடு சேர்ந்து ஏறி இறங்குவதால், அதை ஆட்டும் வால்வுக்குச் சுமை நொடிக்கு நொடி மாறும். நல்ல கைவினைஞர்கள் அதற்கு ஒரு மின்தடையைக் குறுக்கே போட்டுச் சுமையை நிலைப்படுத்தினார்கள், அல்லது கேத்தோடிலிருந்து ஒலியை எடுத்துக் கொடுத்தார்கள்.

பெரும்பாலான கெட்ட பெயர் வந்தது வேறிடத்தில். ஒலிபரப்பியைச் சரிசெய்யும் விதத்தில். முறை என்னவென்றால், முதலில் திரைக்கு முழு மின்னழுத்தம் கொடுத்து ஏரியலில் உச்சச் சக்தி வரும்வரை சுமையேற்ற வேண்டும், அதற்கும் சற்று மேலே. பிறகு திரையைப் பாதியாக இறக்க வேண்டும். ஏரியல் மின்னோட்டம் சரிபாதியாக விழுந்தால் ஏற்பாடு சரி. இதைச் செய்தவர் முன்னால் மீட்டர் பரிதாபமாகக் கீழே கிடக்கும். மனித மனம் அதைத் தாங்காது. கை தானாகக் குமிழைத் தேடிப் போகும். இன்னும் கொஞ்சம் சக்தி எடுக்கலாமே என்று ஊர்தி அலையை உயர்த்தும். உயர்த்திய அலைக்கு மேலே குரல் எழும்ப இடமில்லை. சிகரங்கள் தட்டையாகும், தட்டையான இடத்திலிருந்து சிதறல் கிளம்பும். குற்றம் முறையின் பெயரில் எழுதப்பட்டது.

இன்னொன்று, திரையிலிருந்து ரேடியோ அதிர்வெண்ணை நிலத்துக்கு இறக்கும் கண்டென்சர். மோர்ஸுக்குக் கட்டிய பெட்டியில் அது 0.01 மைக்ரோஃபாரடாக இருக்கும். பேச்சுக்கு மாற்றும்போது 0.001 ஆகக் குறைக்காவிட்டால் குரலின் மேல் ஒலிகளும் அதே வழியில் நிலத்துக்குப் போய்விடும். அமுங்கிய குரல்களில் பல அந்த ஒற்றை உதிரியால் அமுங்கியவை.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துத் திருத்த ஓர் அலைகாட்டி வேண்டும். ஒலியைக் கிடைமட்டத்திலும் அலையைச் செங்குத்திலும் கொடுத்தால் அலைகாட்டியின் திரையில் ஒரு சரிவகம் தோன்றும். பண்பேற்றம் ஏற ஏற அது ஒரு பக்கம் குறுகி, முழு அளவில் முக்கோணமாகக் கூர்மையாகும். பக்கங்கள் நேர்கோடாக இருந்தால் குரல் சுத்தம். முனை மழுங்கினாலோ பக்கம் வளைந்தாலோ எங்கே கோளாறு என்று பார்த்தவுடனே புரியும். போருக்கு முன் அலைகாட்டி ஆய்வகப் பொருள். மிச்சிகனின் பென்டன் ஹார்பரில் இருந்த ஹீத் நிறுவனம் 1947ல் போர் மிச்ச உதிரிகளை வைத்து, வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் அலைகாட்டித் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. ஹாமின் மேசைக்கு அலைகாட்டி வந்த கதை அங்கே தொடங்குகிறது. ஹீத்கிட் என்ற பெயர் வேரூன்றியதும் அதில்தான்.

1951ல் அமெரிக்க அரசு நாவிஸ் என்ற தொடக்கநிலை உரிமத்தை ஏற்படுத்தியது. குறைந்த வேக மோர்ஸ், கிறிஸ்டல் கட்டுப்பாடு, 75 வாட் உள்ளீடு. பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். சிற்றலைகளில் அவர்களுக்குப் பேச்சு கிடையாது. ஆனால் அடுத்த தேர்வை எழுதினால் பேசலாம். அதற்கென்று மறுபடி ஒரு கருவி வாங்க அப்பா காசு கொடுக்க மாட்டார். இன்று மோர்ஸுக்கும் நாளை பேச்சுக்கும் ஒரே பெட்டி வேண்டும். ஹீத்தின் டிஎக்ஸ்-35, பிறகு டிஎக்ஸ்-40, 1962ல் டிஎக்ஸ்-60 ஆகியவை இந்தத் தேவைக்கே செய்யப்பட்டவை. டிஎக்ஸ்-40 மோர்ஸில் 75 வாட், அதாவது நாவிஸ் வரம்பின் விளிம்பு. பேச்சுக்கு உள்ளே ஏற்கெனவே திரைப் பண்பேற்றம் பூட்டப்பட்டிருந்தது. அதே நிறுவனம் பிளேட் பண்பேற்றத்தோடு செய்த டிஎக்ஸ்-100 நூறு பவுண்டைத் தாண்டியது. ஒரு பையனால் தூக்க முடியாது. அதன் பண்பேற்றிக்குள் இருந்தவை நமக்குப் பழகிய போர்க்கால 1625 வால்வுகள் இரண்டு.

இந்தச் சிறிய பெட்டிகளில் ஒரு நூதனம் சேர்ந்திருந்தது. சற்று முன் போட்ட கணக்குக்குத் திரும்புவோம். பேசாத நேரத்தில் 50 வாட் உள்ளே போய் 17 வாட் வெளியே வந்தால், 33 வாட் பிளேட்டில் வெந்துகொண்டிருக்கிறது. உரக்கப் பேசும்போது அதே 50 வாட் உள்ளே போகிறது, சராசரியாக 26 வாட் வெளியே வருகிறது. வெப்பம் 24 ஆகக் குறைகிறது. பேசினால் வால்வு குளிர்கிறது, மௌனமாக இருந்தால் சூடேறுகிறது! பிளேட் முறையில் இது நேர்மாறு. அப்படியானால் மௌனத்தில் ஊர்தி அலையையே இறக்கிவிட்டால்? குரல் வரும்போது மட்டும் அலையும் சேர்ந்து எழட்டும். மிச்சமான வெப்பத்துக்கு ஈடாகச் சிகரங்களை இன்னும் உயர்த்திக்கொள்ளலாம். கட்டுப்பட்ட ஊர்தி அலை என்று இதற்குப் பெயர். குரலின் சராசரி பலத்துக்கேற்பத் திரையின் நிலை மின்னழுத்தத்தையே ஏற்றி இறக்கும் சுற்று அது.

கேட்கிறவர் பக்கம் இது விநோதமாக இருந்தது. சாதாரண நிலையத்தில் எஸ்-மீட்டர் முள் ஊர்தி அலையில் அசையாமல் நிற்கும். இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் முள் குதித்து ஏறும், சொல் முடிந்ததும் சரியும். அலை சரிந்ததும் ரேடியோவின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு, சைகை பலவீனமாகிவிட்டது என்று நினைத்துப் பெருக்கத்தைக் கூட்டிவிடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வானத்து இரைச்சல் மழைபோல் பொங்கி எழும், அடுத்த சொல் வந்ததும் அடங்கும். சிலருக்கு இது எரிச்சல். அந்தப் பொங்கல் ஓசையைக் கேட்டதுமே, வால்வு வாசனையும் ரோசின் புகையும் நிறைந்த ஒரு நிலவறையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தன் முதல் மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள்.

அதற்குள் காற்று மாறிவிட்டிருந்தது. ஊர்தி அலையையும் ஒரு பக்கப் பட்டையையும் நீக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும் ஒற்றைப் பக்கப் பட்டை முறையை 1940களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஹாம் நிலையத்திலிருந்து பேசிக் காட்டினார்கள். 1957ல் காலின்ஸ் நிறுவனத்தின் கேடபிள்யூஎம்-1 அதை ஒரே பெட்டிக்குள் அடக்கியது. அங்கேயும் மாடுலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லை; இரும்பை ஒழிப்பதில் அது திரை முறையைவிட முழுமையான வெற்றி. டிஎக்ஸ்-60க்குள் இருந்த 6146 வால்வே இரண்டிரண்டாகக் காலின்ஸ் பெட்டிகளிலும் உட்கார்ந்தது. ஆனால் விலை? முதல் பத்தாண்டுகளுக்கு அது பெரியவர்களின் கருவி. அந்தப் பத்தாண்டுகளும் பிள்ளைகள் திரையில்தான் பேசினார்கள்.

திரைப் பண்பேற்றம் ஏழை வீட்டு உபாயம் மட்டும்தான் என்று யாராவது நினைத்தால், டாலஸ் நகரின் கான்டினென்டல் எலெக்ட்ரானிக்ஸைப் பார்க்கச் சொல்வேன். பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹெர்டி 1936ல் ஒரு பெருக்கியை வகுத்தார். மௌனத்தில் ஒரு வால்வு மட்டும் உழைக்கும்; சிகரங்களில் இரண்டாவது வால்வு கைகொடுக்கும். திறன் பண்பேற்றத்தின் வீண்செலவு என்ற அடிப்படைக் குறையைத் தீர்த்த அமைப்பு அது. பின்னாளில் கான்டினென்டலில் ஜோசப் செயின்டன் அந்த இரண்டு வால்வுகளின் திரை கிரிட்டிலும் பேச்சை ஏற்றினார். அப்படி வந்த 317சி ஒலிபரப்பி 50 கிலோவாட் வானொலி நிலையங்களில் நின்று இசையும் செய்தியும் பரப்பியது. பிசி-456ல் ஒற்றை 1625 செய்த அதே வேலைதான்.

இன்றும் அமெரிக்காவில் 3,885 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மாலையில் ரேடியோவைத் திருப்பினால் பழைய வீச்சுப் பண்பேற்றத்தில் பேசுகிறவர்கள் கிடைப்பார்கள். பலர் வீட்டுக் கூடத்தில் நூறு பவுண்டு இரும்பு இருக்கிறது. நடுவே எப்போதாவது ஒரு பலவீனமான குரல் நுழையும். முள் சொல்லுக்குச் சொல் துள்ளும், இடைவெளியில் இரைச்சல் பொங்கும். பேசிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் மைக்கைத் திறந்து முதலில் கேட்பது, உங்களிடம் இருப்பது டிஎக்ஸ்-40ஆ, 60ஆ என்றுதான்.

(அடுத்த அத்தியாயம்: ஒற்றைப் பக்கப் பட்டை)